இரண்டு பேர் காரும் இருபது வளைவுகளும்

'ஸ்போர்ட்ஸ் கார்' என்று சொன்னவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படக் கதாநாயகன் ஓட்டிவரும் சிவப்பு வண்டிதான் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கில் விலை, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், சிங்கத்தின் கர்ச்சனையைப் போன்ற ஓசை. இவையே அதன் இலக்கணம் என்று எண்ணிவிடுகிறோம். அது பிழையான எண்ணம். பந்தயக் கார் வேறு. ஸ்போர்ட்ஸ் கார் வேறு. முன்னது பிறரை முந்துவதற்காகச் செய்யப்படுவது. பின்னது ஓட்டுவதிலே இன்பம் காண்பதற்காகச் செய்யப்படுவது. சிறிய எஞ்சின், குறைந்த எடை, தாழ்ந்த உடல், இரண்டே இருக்கை: இவ்வளவே அதற்குப் போதும். இங்கிலாந்தில் ஆசிரியர்களும் எழுத்தர்களும்கூட வாங்கி ஓட்டக்கூடிய விலையில் இத்தகைய கார்கள் பல ஆண்டுகள் விற்பனையாயின.

நம் நாட்டிலும் அப்படியொரு முயற்சி நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998-ஆம் ஆண்டு 'ஸ்டார்ம்' என்ற இரண்டு பேர் அமரும் திறந்த காரை வெளியிட்டது. இன்று அது தயாரிப்பில் இல்லை. பழைய வண்டிகள் அபூர்வமாகச் சாலையில் தென்படுவதுண்டு. அந்த முயற்சி எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது என்பதை அறிவியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மதிப்பிட ஓர் உரைகல் வேண்டும் அல்லவா? சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறி ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையையே உரைகல்லாகக் கொள்வோம்.

மலை வைக்கும் முதல் தேர்வு

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரைவிட ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த மலையில் ஏற எவ்வளவு சக்தி தேவை? மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

காரும் அதிலுள்ள இருவரும் சேர்ந்து 900 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் (900 × 9.8 × 1,200) ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் ஜூல் கிடைக்கும். இதை 40 நிமிடங்களில், அதாவது 2,400 விநாடிகளில் ஏறுவதாகக் கொண்டால் விநாடிக்கு 4,400 ஜூல். குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 6. டயர்கள் உருளுவதற்கான தடையையும் காற்றின் தடையையும் சேர்த்தாலும் சராசரித் தேவை 10 குதிரைத்திறனைத் தாண்டாது!

ஸ்டார்ம் காரின் எஞ்சின் 1,149 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட ரெனோ எஞ்சின். அதன் திறன் சுமார் 60 குதிரைத்திறன். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவதால் எஞ்சின் மூச்சு வாங்கும் அளவும் அவ்வளவு குறையும். அப்போதும் 50-க்கு மேல் மிஞ்சும். வளைவைத் தாண்டி மீண்டும் வேகமெடுக்க இது தாராளம். எனவே, '60 குதிரைத்திறன் கொண்ட வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரா?' என்று அன்று சிலர் செய்த பரிகாசம் பொருளற்றது. மலைப்பாதை கேட்பது வலிமையை அன்று, அடக்கத்தை.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. ஏறும்போது வண்டி சேர்த்துவைத்த அந்த 1 கோடியே 6 லட்சம் ஜூலையும் இறங்கும்போது எங்காவது கழித்தாக வேண்டும். அவ்வளவு ஆற்றலைக் கொண்டு 30 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவதாகக் கொள்வோம். நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்பும் சேர்ந்து 20 கிலோ இருந்து, காற்று அதைக் குளிர்விக்காமலும் இருந்தால், அதன் வெப்பநிலை 1,000 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். நல்லவேளையாகக் காற்று குளிர்விக்கிறது. ஆனால் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் வெப்பம் வெளியேற நேரம் கிடைக்காது. பிரேக் கட்டைகளின் உராய்வுத் திறன் குறைந்து, மிதித்தும் வண்டி நிற்காத நிலை ஏற்படும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய பஸ் ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான். எஞ்சினே ஒரு பிரேக்காக நின்று ஆற்றலின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. 1,800 கிலோ எடையுள்ள பெரிய வண்டிக்கு இந்த வெப்பம் இரு மடங்கு. இலேசான கார் இங்கேதான் முதல் மதிப்பெண் பெறுகிறது.

வளைவிலே நடப்பது என்ன?

10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டிக்குப் புவியீர்ப்பில் சுமார் பத்தில் மூன்று பங்கு அளவு பக்கவாட்டு முடுக்கம் தேவை. 30 கிலோமீட்டரில் அதுவே பத்தில் ஏழு பங்காகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு. தேவையோ இரண்டேகால் மடங்கு! வேகத்தின் இருமடியாக அது வளர்வதே காரணம். ஈரமான சாலையில் சாதாரண டயர் அவ்வளவு பிடிமானம் தருமா என்பது ஐயமே. மூடுபனியும் மழையும் மலைக்குப் புதியவை அல்ல. ஆகவே இருபதுக்கும் முப்பதுக்கும் இடையிலுள்ள பத்து கிலோமீட்டர் வேகம், தார்ச் சாலைக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள தூரமாகிவிடக்கூடும்.

இந்தக் கணக்கில் வண்டியின் எடை வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எடைக்குப் பதில் உயரம் வருகிறது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இரு சக்கரங்களுக்கிடையே 1.3 மீட்டர் அகலமுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் நிறைமையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்திலும் மற்றதன் நிறைமையம் 65 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கட்டும். புவியீர்ப்பில் பாதியளவு பக்கவாட்டு முடுக்கத்தில், முதல் வண்டியின் உள்பக்கச் சக்கரங்களில் மொத்த எடையில் சுமார் 33 சதவீதம் நிற்கும். இரண்டாவதில் 25 சதவீதமே நிற்கும். தாழ்ந்த வண்டி நான்கு கால்களையும் ஊன்றி நடக்கிறது. உயர்ந்த வண்டி இரண்டு கால்களில் சாய்கிறது. ஓட்டுபவர் கைகளில் உணரும் நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. ஸ்போர்ட்ஸ் காரின் இன்பம் என்பது மாயமன்று; சாதாரண நெம்புகோல் தத்துவம்தான்.

சென்னையில் பிறக்காத தம்பி

ஸ்டார்மை மதிப்பிடுமுன் நம் ஊர்க் கார் ஒன்றை நினைவுகூர வேண்டும். சென்னைக்கு அருகே, வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. இத்தாலியரான மிக்கலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். அக்காலத்தில் பல கார்களில் உடலும் சட்டமும் ஒன்றாகிவிட்ட நிலையில், ஹெரால்டுக்குத் தனி இரும்புச் சட்டம் இருந்தது. அதன் முன்சக்கரங்கள் மிகக் கூர்மையாகத் திரும்பும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கென்றே பிறந்த குணம்!

அந்தச் சட்டத்தையே இங்கிலாந்தில் சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்கி, இரண்டு இருக்கைகளை வைத்து, 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1,147 கன சென்டிமீட்டர் எஞ்சின், 63 குதிரைத்திறன். 36 ஆண்டுகளுக்குப் பின்வந்த ஸ்டார்மின் எண்களோடு இவை ஏறக்குறைய ஒத்துப்போவதைப் பாருங்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் விற்பனையாயின. அண்ணனான ஹெரால்டு சென்னையில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியோ இங்கே பிறக்கவேயில்லை. உரிமம் பெற்றே எதையும் செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஒரு சாதாரணக் காருக்கே மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் அமரும் காரை அன்று யார் கேட்டிருப்பார்கள்?

ஆயினும் ஸ்பிட்ஃபயரைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். ஹெரால்டிடமிருந்து அது ஒரு குறையையும் சுவீகரித்தது. பின்சக்கர அச்சுகள் நடுவிலிருந்து ஊசலைப்போல் மேலும் கீழும் ஆடுபவை. வளைவின் நடுவே ஓட்டுநர் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்புறம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பிடி விட்டுப்போகும். 1970-இல்தான் ஸ்பிட்ஃபயரில் இதற்குச் சரியான மாற்றம் செய்தார்கள். சென்னை நிறுவனம் 1972-இல் வெளியிட்ட 'கெசல்' காரில் இந்த ஊசல் அச்சைக் கைவிட்டு, திடமான பின் அச்சையே பொருத்தியது. அழகில் பின்தங்கினாலும் அறிவில் அது சரியான முடிவு.

ஸ்டார்மின் நிறைகள்

இப்போது ஸ்டார்முக்கு வருவோம். அதன் முதற்சிறப்பு கண்ணாடி இழை உடல். எஃகுத் தகட்டைக் காரின் உருவத்துக்கு அழுத்தியெடுக்கும் அச்சுகள் மிகுந்த விலையுள்ளவை. பல்லாயிரம் கார்கள் விற்றால்தான் அந்தச் செலவு திரும்பும். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைக்கும் முறைக்குப் பெரிய ஆலை தேவையில்லை. சில நூறு கார்கள் செய்பவனுக்கு இதுவே வழி. அமெரிக்காவின் கார்வெட் கார் 1953-இல் இவ்வழியிலேதான் பிறந்தது. இழை உடல் துருப்பிடிக்காது. மழை மிகுந்த மலையூரில் இது சிறிய நன்மையன்று.

இரண்டாவது, எளிமை. ஐரோப்பாவில் சிறு குடும்பக் கார்களில் ஓடித் தேர்ந்த எஞ்சினையே எடுத்துக்கொண்டார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முனைந்து தோற்பதைவிட, இருப்பதைக் கொண்டு இன்பமான வண்டி செய்வது ஸ்போர்ட்ஸ் கார் மரபுக்கு ஒத்த செயல். மூன்றாவது, துணிவு. குடும்பமே ஒரு காரில் அடங்கிச் செல்லும் நாட்டில், இருவருக்கான காரைச் செய்து விற்கலாம் என்று நம்பியதே பாராட்டுக்குரியது.

குறைகள்

முதற்குறை ஓட்டும் தன்மையைப் பற்றியது. ஸ்டார்மில் எஞ்சின் முன்சக்கரங்களை இயக்குகிறது. டயரின் பிடிமானத்தை ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். தொகை நிலையானது, திரும்புவதற்குச் செலவழித்தது போக மீதிதான் இழுப்பதற்கு. முன்சக்கர இயக்கத்தில் இரண்டு செலவும் ஒரே வீட்டின் தலையில் விழுகிறது. மேட்டில் ஏறும்போது பாரமும் பின்னோக்கி நகர்வதால், ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கரம் சுழலுமே தவிர வண்டி திரும்பாமல் வெளிப்பக்கம் இழுக்கும். இது ஆபத்தில் முடியவேண்டுமென்பதில்லை. காலைத் தூக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஸ்பிட்ஃபயரிலும், 1989-இல் வந்த ஜப்பானிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரிலும் முன்சக்கரம் திருப்புகிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. அந்த வேலைப் பிரிவினையில் கிடைக்கும் நயம் ஸ்டார்மில் கிடைப்பதில்லை. 2016-க்குள் மாஸ்டா பத்து லட்சம் எம்.எக்ஸ்-5 கார்களைச் செய்ததென்றால் அந்த நயத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இரண்டாவது குறை, கூரையற்ற எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இனிப்புக் கடை அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள், எளிதாக முறுகும். மூடியைப் பசையிட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. காரின் கூரையும் இப்படி ஒரு மூடியே. அதை நீக்கினால் அடிச்சட்டத்தைத் தடிப்பாக்கி ஈடுகட்ட வேண்டும். அதனால் எடை கூடும். இலேசாக இருக்கவேண்டிய வண்டியைக் கனமாக்குவதா, அல்லது குண்டுகுழியில் நடுங்கவிடுவதா என்பது வடிவமைப்பாளரின் தீராத தலைவலி.

மூன்றாவது, பாதுகாப்பு. எஃகு உடல் மோதலில் மடிந்து சுருங்கி ஆற்றலை உறிஞ்சும். கண்ணாடி இழை வேறுவகையில் நொறுங்குவது. அதன் அடியிலுள்ள சட்டத்தையே முழுதும் நம்ப வேண்டும். 1998-இல் நம் நாட்டில் முன்மோதல் சோதனை கட்டாயமாக இல்லை. புதிய மாதிரிக் கார்களுக்கு 2017 அக்டோபர் முதலும், ஏனைய கார்களுக்கு 2019 அக்டோபர் முதலும்தான் அது கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப் பையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பும் 2019-இல்தான் கட்டாயமாயின. ஆகவே இப்போது பழைய இரண்டு பேர் காரை ஆசையோடு வாங்க நினைக்கும் இளைஞர், அது இந்தக் காப்புகள் பிறப்பதற்கு முந்திய தலைமுறை வண்டி என்பதை மறக்கக் கூடாது. மலைப்பாதையில் எதிரே வருவது அதைப் போன்ற சிறு வண்டியன்று. பஸ்ஸும் சரக்கு லாரியும்.

வாங்குவது எளிது, வைத்துக்கொள்வது?

ஆனால் ஸ்டார்மை வீழ்த்தியவற்றுள் முதன்மையானவையாக இவற்றை நான் கருதவில்லை. 'மலிவு' என்ற சொல்லை அது புரிந்துகொண்ட விதமே அடிப்படைப் பிழை. காரின் விலை ஒருநாள் செலவு. அதைப் பராமரிப்பது பத்தாண்டுச் செலவு. ஸ்டார்மில் இருந்த ரெனோ எஞ்சினை அன்று நம் நாட்டில் வேறெந்தக் காரிலும் காண முடியாது. ரெனோ நிறுவனமே மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து லோகன் காரை இங்கே விற்கத் தொடங்கியது 2007-இல்தான். ஆக, சேலம் ஐந்து ரோட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், முன்பின் பார்த்திராத எஞ்சினுக்கு உதிரிப்பாகத்தை எங்கே தேடுவார்? ஒரு சிறு பாகம் கிடைக்காமல் போனாலும், எழில் மிக்க கார் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் உறங்க வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான வழியைக் கோயம்புத்தூர் முன்பே காட்டியிருந்தது. எஸ். கரிவரதன் அவர்கள் 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அதன் இதயம் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. எல்லா ஊரிலும் ஓடிய மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினே அது. மிகுந்த திறன் இல்லை. ஆனால் பழுதுபட்டால் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். அந்தச் சிறு வண்டியில் பழகிய இளைஞர்கள் ஒரு தலைமுறையாகவே வளர்ந்தார்கள். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹெரால்டிலிருந்து ஸ்பிட்ஃபயர் பிறந்ததும் இதே தத்துவத்தால்தான்: ஊரறிந்த காரின் எலும்பில் புதிய உடலைப் போர்த்துவது. ஸ்டார்ம் பாதித் தத்துவத்தை மட்டும் கற்றுக்கொண்டது. குடும்பக் காரின் எஞ்சினை எடுத்தது. ஆனால் அந்தக் குடும்பம் நம் நாட்டில் வாழவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இருவருக்கு மட்டுமான, மலிவான, ஓட்ட இன்பமான வண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே! அதன் பெயர் மோட்டார் சைக்கிள். திருவொற்றியூரில் உருவான புல்லட்டில் ஏறி மலைக்குச் செல்பவருக்குக் காற்றும் காப்பித் தோட்ட மணமும் கூரையில்லாக் காரைவிட நெருக்கமாகவே கிடைக்கின்றன. பிறகு இரண்டு பேர் கார் எதற்கு? விடை இதுதான்: நான்கு சக்கரம், இருக்கைப் பட்டை, தலைக்கு மேலே வளைந்த இரும்புக் கம்பி. மோட்டார் சைக்கிளின் இன்பத்தைக் காரின் பாதுகாப்போடு தருமானால் மட்டுமே அந்தக் காருக்கு நம் நாட்டில் நியாயம் உண்டு. பாதுகாப்பில் குறைவைத்தால் அது இரு வகைக்கும் இடையில் அனாதையாகிவிடும்.

தீர்ப்பு

கருத்து சரி, இதயம் தவறு. இதுவே ஸ்டார்மைப் பற்றிய நம் தீர்ப்பு. இலேசான, தாழ்ந்த, அடக்கமான திறனுள்ள கார் நம் மலைப்பாதைகளுக்கு ஏற்றது என்பதைக் கணக்கே நிரூபிக்கிறது. இன்று சாலையில் பெருகிவரும் உயர்ந்த, கனத்த வண்டிகள் அதே 20 வளைவுகளில் இருமடங்கு வெப்பத்தைப் பிரேக்கில் ஏற்றிக்கொண்டு, குடையைப் போல் சாய்ந்து இறங்குவதைப் பார்க்கையில், ஸ்டார்மின் கருத்துக்கு மரியாதை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நாளைய பொறியாளர்களான மாணவர்கள் இந்தக் கணக்கை விடாமல் தொடரலாம். மின்சாரக் காரில் கனமான பாட்டரி தரைத்தளத்தின் கீழே அமர்வதால் நிறைமையம் தானே தாழ்கிறது. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. நாம் கணக்கிட்ட 1 கோடியே 6 லட்சம் ஜூல் என்பது ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம். ஆனால் பாட்டரி எடையும் சேர்கிறது. இரண்டையும் சமன்செய்வதே சவால். 2001-இல் அதே பெங்களூரிலிருந்து ரேவா என்ற சிறு மின்சாரக் கார் வெளிவந்து, சிறிய நிறுவனமும் இத்தகைய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாம் என்று காட்டியது. அடுத்த முயற்சி செய்பவர் உதிரிப்பாகத்தைப் பற்றி முதலிலும் உருவத்தைப் பற்றிப் பிறகும் சிந்திக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஓட்டும் இன்பம் என்பது தனி ஒருவரின் சொத்தன்று. சாலை எல்லோருக்கும் பொது. தலைச்சோலை போன்ற மலைக் கிராமங்களின் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வருவது இந்த மலைச் சாலைகளில்தான். குறுகிய இடத்தில், இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டுமென்பது சட்டம். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநருக்குத் தன் வேகத்தின் எல்லையைக் கைவிரல்களிலேயே உணர்த்துகிறது. அந்த எல்லைக்குப் பல அடி இந்தப்பக்கமே நின்றுகொள்பவர்தான் அதை ஓட்டத் தகுதியுடையவர்.